தொலைதூரத் துல்லியச் சுடுதல்: தோட்டாவை எங்கிருந்து தேர்ந்தெடுக்கத் தொடங்குவது?

தொலைதூரச் சுடுதல் விளையாட்டில் புதிதாக இறங்குபவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எந்தத் தோட்டா அதிக தூரம் போகும்?" கேள்வியிலேயே ஒரு கோணல் இருக்கிறது. எல்லா ரைபிள் தோட்டாக்களும் அதிக தூரம் போகும். மிகச் சாதாரணமான .308 வின்செஸ்டர் தோட்டாவின் குண்டைக்கூட அண்ணாந்து சுட்டால் நான்கு கிலோமீட்டருக்குக் குறையாமல் பறந்து எங்கோ விழும். எங்கோ விழுவதில் யாருக்கும் பயன் இல்லை, ஆபத்துதான் உண்டு. குறித்த இடத்தில், திரும்பத் திரும்ப, முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லும்படி எது விழும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 2022-இல் ஒரு குழுவினர் 7,744 யார்டு, அதாவது ஏழு கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான தூரத்தில் இருந்த இலக்கைச் சுட்டுத் தொட்டார்கள். பயன்படுத்தியது .416 பேரெட் தோட்டா. குண்டு இலக்கை அடைய ஏறக்குறைய 24 விநாடி ஆனது. சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் இலக்கைத் தொட்டது 69-ஆவது குண்டு. தூரம் போவதற்கும் துல்லியமாகப் போவதற்கும் இடையில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்பதை அந்த 69 என்ற எண் சொல்லிவிடுகிறது.

சரி, முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். பேச்சில் எல்லாவற்றையும் "குண்டு" என்றோ "தோட்டா" என்றோ சொல்லிவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் தோட்டா என்றால் முழுப் பொருள்: பித்தளை உறை, அதன் அடியில் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே மருந்து, அதாவது வெடிமருந்து, வாயில் செருகப்பட்ட குண்டு. இந்த நான்கில் இலக்கு வரை பயணம் செய்வது குண்டு மட்டும். மற்ற மூன்றும் ரைபிளின் குழல் முனையோடு வேலையை முடித்துக்கொள்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கடையில் வாங்குவது தோட்டா, பறப்பது குண்டு. ஆகவே தேர்வைக் குண்டிலிருந்து தொடங்கி, அதைத் தள்ளப் போதுமான உறைக்குப் பின்னோக்கி வர வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

தோட்டாக்களின் பெயர்களும் ஒரு தலைவலி. .308 என்பது குண்டின் விட்டம், அங்குலத்தில், மில்லிமீட்டரில் 7.82. அதே குண்டைச் சுடும் ராணுவத் தோட்டாவுக்கோ 7.62 என்று பெயர், ஏனென்றால் அது குழலுக்குள் மரை, அதாவது குண்டைச் சுழற்றும் சுருள் பள்ளம், வெட்டுவதற்கு முந்தைய விட்டம். 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவின் குண்டை அளந்தால் 6.7 மில்லிமீட்டர் வரும். பெயரைப் பார்த்து அளவை ஊகிக்க வேண்டாம். ரைபிளின் குழலில் எந்தத் தோட்டாவின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறதோ அதை மட்டுமே போட வேண்டும், "கிட்டத்தட்ட அதே அளவு" என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை.

ஒலியின் வேகம் என்னும் வேலி

குண்டு குழலை விட்டு வெளியேறும்போது ஒலியைவிட இரண்டு, இரண்டரை மடங்கு வேகத்தில் போகிறது. மிதமான வெப்பத்தில் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர். ரைபிள் குண்டுகள் 800, 850 மீட்டரில் கிளம்புகின்றன. கிளம்பிய கணத்திலிருந்தே காற்று அதன் வேகத்தைத் தின்னத் தொடங்குகிறது. ஒரு கட்டத்தில் ஒலியின் வேகத்தை நெருங்கி, அதற்குக் கீழே இறங்குகிறது.

இந்த இறங்கும் கட்டம்தான் பிரச்சினை. ஒலியைவிட ஏறக்குறைய 1.2 மடங்கு வேகத்தில் தொடங்கி, அதற்குச் சற்றுக் கீழே வரும் வரை, குண்டைச் சுற்றியுள்ள அதிர்வலைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். காற்றின் அழுத்தம் குண்டின் மீது எந்தப் புள்ளியில் விழுகிறது என்பதும் நகரும். சுழலும் பம்பரத்தின் தலையில் யாரோ விரலால் தட்டுவது போல. நல்ல வடிவமுள்ள குண்டு ஒரு தள்ளாட்டத்தோடு சமாளித்துவிடும். மற்றவை தலையாட்டத் தொடங்கி, சில சமயம் குட்டிக்கரணம் அடித்து, இலக்காக வைத்த தகட்டில் பக்கவாட்டில் போய் அறையும்.

இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் .308 விட்டத்தில் 168 கிரெய்ன் எடையுள்ள ஒரு பழைய போட்டிக் குண்டு. கிரெய்ன் என்பது எடை அளவு. ஒரு கிராமுக்கு ஏறக்குறைய பதினைந்தரை கிரெய்ன். இந்தக் குண்டு 300 மீட்டர் போட்டிக்காக வடிவமைக்கப்பட்டது, அந்தத் தூரத்தில் அருமையாகச் சுடும். ஆனால் அதன் பின்பக்கம் குறுகும் கோணம் சற்று அதிகம். 900 மீட்டரை நெருங்கி ஒலியின் வேகத்தைத் தொடும்போது நிலை தடுமாறுகிறது. வெறும் 7 கிரெய்ன் கூடுதல் எடையும் மென்மையான பின்கோணமும் கொண்ட 175 கிரெய்ன் குண்டு அதே தூரத்தை ஒழுங்காகக் கடக்கிறது. உறை ஒன்றே, ரைபிளும் ஒன்றே. மாறியது குண்டு மட்டும்.

அப்படியானால் முதல் விதி எளிது. நீங்கள் சுட விரும்பும் மிக அதிகத் தூரம் வரை குண்டு ஒலியைவிட வேகமாகப் போக வேண்டும். கடல் மட்டத்துக் காற்றில் தோராயமான கணக்கு இப்படி வரும்: .308 வின்செஸ்டர் 900 மீட்டர் அளவில் வேலியைத் தொட்டுவிடும். 6.5 கிரீட்மோர் 1,200 மீட்டர் வரை தாக்குப்பிடிக்கும். கனமான குண்டோடு .300 வின்செஸ்டர் மேக்னம் 1,400 வரை, .338 லபுவா மேக்னம் 1,500 தாண்டி, .375 ஷைடாக்கும் .50 பி.எம்.ஜி.யும் நல்ல குண்டு கிடைத்தால் 2,000 மீட்டரைத் தாண்டி. மிகத் தொலைதூரம் என்று இந்த விளையாட்டில் சொல்வது பொதுவாக 1,500 யார்டுக்கு, அதாவது 1,370 மீட்டருக்கு அப்பால் என்பதால், பட்டியலில் யார் யார் உள்ளே, யார் வெளியே என்று இப்போதே தெரிந்திருக்கும்.

"கடல் மட்டத்துக் காற்றில்" என்று சொன்னதைக் கவனியுங்கள். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே இதே குண்டுகள் கணிசமாகக் கூடுதல் தூரம் போகும். மலைப்பகுதியில் சுட்டவர் சொல்லும் எண்களைச் சமவெளிக்காரர் அப்படியே நம்பி ரைபிள் வாங்கக் கூடாது.

காற்றோடு நடக்கும் பேரம்

குண்டு காற்றை எவ்வளவு திறமையாகக் கிழித்துப் போகிறது என்பதற்கு ஒரு எண் உண்டு. பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட் என்பார்கள், சுருக்கமாக பி.சி. எண் பெரிதாக இருந்தால் வேக இழப்பு குறைவு. குண்டு நீளமாக, விட்டத்துக்கு ஏற்ற கனத்தோடு, கூரிய மூக்கோடு, பின்பக்கம் படகு போலக் குறுகி இருந்தால் பி.சி. உயரும்.

இந்த எண்ணை இரண்டு அளவுகோல்களில் எழுதுவார்கள்: ஜி1, ஜி7. ஜி1 என்பது பழைய, தட்டையான அடியும் மழுங்கிய மூக்கும் கொண்ட குண்டு வடிவத்தோடு ஒப்பிடுவது. ஜி7 இன்றைய நீளமான, பின் குறுகிய குண்டோடு ஒப்பிடுவது. ஒரே குண்டுக்கு ஜி1 எண் ஜி7 எண்ணைவிட இரு மடங்கு அளவில் பெரிதாக இருக்கும். விளம்பரத்தில் எதைப் பெரிதாக அச்சிடுவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒப்பிடும்போது ஜி7-ஐ ஜி7-ஓடு மட்டும் ஒப்பிடுங்கள். அந்த அளவுகோலில் 175 கிரெய்ன் .308 குண்டு 0.24 அளவில் நிற்கிறது, 140 கிரெய்ன் 6.5 போட்டிக் குண்டு 0.32 அளவில், 300 கிரெய்ன் .338 குண்டு 0.42 அளவில்.

குண்டு கீழே இறங்குவதைப் பற்றிப் புதியவர்கள் மிகவும் கவலைப்படுவார்கள். 1,600 மீட்டரில் ஒரு .338 குண்டு 30 மீட்டருக்கும் மேல் கீழே இறங்கியிருக்கும். பத்து மாடிக் கட்டடத்தின் உயரம். ஆனால் புவியீர்ப்பு நேர்மையானது. தூரம் தெரிந்தால், வேகம் தெரிந்தால், இறக்கத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் போட்டுவிடலாம். ரைபிளின் மேல் பொருத்திய தொலைநோக்கியின் குமிழைத் திருகிச் சரிசெய்தால் முடிந்தது. காற்று அப்படி இல்லை. சுடும் இடத்தில் ஒரு திசை, நடுவழியில் ஒரு திசை, இலக்கில் இன்னொன்று. அனுபவசாலிகளும் ஊகித்துத்தான் சுடுகிறார்கள். ஆகவே தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது என்பது உண்மையில், "என் காற்று ஊகம் தப்பினால் எந்தக் குண்டு என்னை மன்னிக்கும்?" என்று கேட்பதுதான்.

இதற்கு ஓர் அழகான பழைய கணக்கு இருக்கிறது. காற்றே இல்லாத வெற்றிடத்தில் குண்டு இலக்கை அடைய எடுக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள். தூரத்தைக் கிளம்பும் வேகத்தால் வகுத்தால் கிடைத்துவிடும். உண்மையில் எடுக்கும் நேரத்திலிருந்து அதைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் தாமதம். குறுக்குக் காற்றின் வேகத்தை அந்தத் தாமதத்தால் பெருக்கினால், குண்டு பக்கவாட்டில் எவ்வளவு ஒதுங்கும் என்று வந்துவிடும். பயண நேரம் முழுவதும் கணக்கில் வருவதில்லை, காற்றின் தடையால் இழந்த நேரம் மட்டுமே வருகிறது. முதல்முறை கேட்கும்போது நம்பக் கடினமாக இருக்கும், ஆனால் சரியான கணக்கு.

1,000 யார்டு, அதாவது 914 மீட்டரை எடுத்துக்கொள்வோம். 175 கிரெய்ன் .308 குண்டுக்கு வெற்றிட நேரம் ஏறக்குறைய 1.15 விநாடி, உண்மை நேரம் 1.65. தாமதம் அரை விநாடி. 6.5 கிரீட்மோருக்குத் தாமதம் 0.37 விநாடி அளவில். இப்போது காற்றை நீங்கள் விநாடிக்கு ஒரு மீட்டர் தப்பாக ஊகித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். மிக எளிதாக நடக்கும் தப்பு. .308 குண்டு 50 சென்டிமீட்டர் விலகும், 6.5 குண்டு 37 சென்டிமீட்டர் விலகும். தகட்டின் அகலம் 90 சென்டிமீட்டர் என்றால், நடுவிலிருந்து ஓரம் வரை 45. முதலாமவர் தவறவிட்டார், இரண்டாமவர் அடித்துவிட்டார். இருவரும் செய்தது ஒரே தப்பு. அதிலும் 6.5 கிரீட்மோரில் மருந்து .308-ஐவிடச் சற்றுக் குறைவு, உதைப்பும் குறைவு. கூடுதல் பலம் எதுவும் இல்லாமல், வெறும் வடிவத்தால் கிடைத்த சலுகை இது.

உறை எதற்காக?

சரி, குண்டு முடிவாகிவிட்டது. அதைத் தேவையான வேகத்துக்குத் தள்ள எவ்வளவு பெரிய உறை வேண்டும்? இங்கேதான் ஆசை வந்து புகுந்துவிடும். பெரிய உறை, நிறைய மருந்து, கூடுதல் வேகம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரவு செலவைப் பாருங்கள். ஒரே .308 விட்டக் குண்டை .308 வின்செஸ்டரிலிருந்து .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு மாற்றினால், மருந்து ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடுகிறது. வேகம் கூடுவதோ 15 விழுக்காட்டுக்குள். மீதி ஆற்றல் வெப்பமாகவும் சத்தமாகவும் உதையாகவும் வெளியேறுகிறது.

வெப்பம் குழலைத் தின்கிறது. மருந்து எரியும் அறைக்கு அடுத்து மரை தொடங்கும் இடம்தான் முதலில் அரிக்கும். சிறிய துளை வழியாக நிறைய மருந்தை எரித்தால் அரிப்பு வேகமாகும். துல்லியம் கெடாமல் .308 குழல் 5,000 முறை சுடும் என்றால், 6.5 கிரீட்மோர் 2,500 அளவில், பெரிய மேக்னங்கள் 1,500 அளவில், .375 ஷைடாக் போன்றவை ஆயிரம் அளவில் என்பது சுடுபவர்களிடையே பொதுவாகப் பேசப்படும் கணக்கு. ஒவ்வொரு முறையும் குண்டு குழலுக்குள் இருப்பது ஒரு மில்லி விநாடிக்குச் சற்று அதிகமான நேரம்தான். பெருக்கிப் பாருங்கள்: ஒரு குழலின் மொத்த உழைப்புக் காலம் சில விநாடிகள். அந்த விநாடிகளை எப்படிச் செலவழிப்பது என்பதும் தேர்வின் ஒரு பகுதி. வெளிப்படையாகச் சொன்னால், பயிற்சியிலேயே தேய்ந்துபோகும் குழலை வைத்துக்கொண்டு யாரும் பயிற்சி செய்வதில்லை; சேமித்துச் சேமித்துச் சுடுவார்கள், கை பழகாது.

அடுத்தது உதைப்பு. .338 லபுவா சுடும்போது தோளுக்கு வரும் உந்தம் .308-ஐப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஒரே எடையுள்ள ரைபிள் என்றால் உதைப்பின் ஆற்றல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஆகவே ரைபிளைக் கனமாக்குகிறார்கள், குழல் முனையில் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் பிரேக் பொருத்துகிறார்கள். பிரேக் உதைப்பை நன்றாகவே குறைக்கும். ஆனால் புழுதி கிளம்பும், பக்கத்தில் படுத்திருப்பவர் உங்களைச் சபிப்பார்.

வலியைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. மிகத் தொலைதூரத்தில் முதல் குண்டு தவறுவது சாதாரணம். அது எங்கே விழுந்தது என்று பார்த்து, அடுத்ததைத் திருத்திச் சுடுவதுதான் ஆட்டமே. உதைப்பில் ரைபிள் துள்ளித் தொலைநோக்கியின் பார்வை வானத்துக்குப் போய்விட்டால், உங்கள் குண்டு எழுப்பிய மண்ணை நீங்களே பார்க்க முடியாது. கூட வந்தவர் சொன்னால்தான் உண்டு. மிதமான தோட்டாவை வைத்திருப்பவர் தன் தவற்றைத் தன் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்கிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் ரைபிளாகப் பெரிய மேக்னத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை.

உறையின் அளவு மட்டுமல்ல, விகிதமும் பேசுகிறது. நீளமான குண்டைச் செருகினால் தோட்டாவின் மொத்த நீளம் கூடும். ரைபிளில் தோட்டாக்களை அடுக்கும் மேகசினுக்குள் அது அடங்க வேண்டும். 1963-இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னத்துக்குக் கழுத்து குட்டை, மொத்த நீளத்தின் வரம்பும் 3.34 அங்குலம். அந்தக் காலத்துக் குண்டுகளுக்கு அது போதும். இன்றைய நீண்ட குண்டுகளைப் போட்டால் குண்டின் வால் மருந்துக்குள் ஆழமாக இறங்கி இடத்தை அடைத்துக்கொள்ளும். 2018-இல் அங்கீகாரம் பெற்ற .300 பி.ஆர்.சி. இதற்காகவே 3.7 அங்குல நீளத்தில் வரையப்பட்டது. 2007-இல் வந்த 6.5 கிரீட்மோரிலும் இதே யோசனைதான்: உறையை வேண்டுமென்றே குட்டையாக்கி, நீளமான குண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க இடம் விட்டார்கள். புதிய தோட்டாக்களின் புகழுக்கு மந்திரம் எதுவும் காரணமில்லை. குண்டை முதலில் மேசையில் வைத்து, அதைச் சுற்றி உறையை வரைந்ததுதான் காரணம்.

மரையின் திருகல்

குழலுக்குள் இருக்கும் மரை குண்டைச் சுழற்றிவிடுகிறது. எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதுதான் திருகல் அளவு. குண்டு நீளமாக ஆக, அதை நிலையாக வைக்க வேகமான சுழற்சி வேண்டும். 1879-இலேயே கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் இதற்கு ஒரு சூத்திரம் எழுதிவிட்டார். பழைய .308 ரைபிள்களில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று வழக்கம். 6.5 கிரீட்மோரில் 8 அங்குலம்.

மிகத் தொலைதூரத்தில் இது இன்னும் முக்கியமாகிறது, காரணம் இப்போது பலர் பயன்படுத்தும் கடைசல் குண்டுகள். ஈயத்தின் மீது செம்புத் தோல் போர்த்துவதற்குப் பதிலாக, செம்பு அல்லது பித்தளைக் கம்பியைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து ஒவ்வொன்றாகச் செய்கிறார்கள். ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருக்கும். ஆனால் செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைவு என்பதால், அதே எடைக்குக் குண்டு நீளமாகிறது. பழைய குழலில் போட்டால் நிலைக்காது. வாங்கப்போகும் குண்டின் தயாரிப்பாளர் எந்தத் திருகல் வேண்டும் என்று சொல்கிறார் எனப் பார்த்துவிட்டுத்தான் குழலைச் சொல்ல வேண்டும். ரைபிள் வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் அதிகம்.

பெரியவர்களின் வரிசை

.338 லபுவா மேக்னம் 1980-களில் ஃபின்லாந்தில் உருப்பெற்றது. தொலைதூரத்துக்கென்றே வரையப்பட்டது, உறைகளின் தரம் நன்றாக இருக்கும், ரைபிள்களும் பல வகையில் கிடைக்கின்றன. ஒரு மைல் தூரம் வரை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

.50 பி.எம்.ஜி. பற்றிப் புதியவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. பெரியது, ஆகவே சிறந்தது. அது ஜான் பிரவுனிங்கின் கனரக இயந்திரத் துப்பாக்கிக்காகப் பிறந்த தோட்டா, 1921-இல் சேவைக்கு வந்தது. ராணுவத்தில் கிடைக்கும் சாதாரணத் தோட்டாக்களுக்கு ஊசிமுனைத் துல்லியம் நோக்கமே இல்லை. போட்டிக்கான 750 கிரெய்ன் குண்டைப் போட்டால் கதை மாறும். அதன் ஜி1 பி.சி. 1.05. ஐம்பது காலிபர் சுடுவோருக்கென 1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய சங்கம் 1,000 யார்டு போட்டிகளை நடத்தி, அது எவ்வளவு துல்லியமாகச் சுடும் என்று காட்டியிருக்கிறது. இருந்தாலும் ரைபிளின் எடை, உதைப்பு, சத்தம் எல்லாவற்றுக்கும் ஈடாகக் கிடைப்பது அவ்வளவு இல்லை. அதனால்தான் .375 ஷைடாக், .416 பேரெட் போன்ற இடைப்பட்ட விட்டங்கள் வந்தன. உறை பெரிது, குண்டு ஒல்லி, நீளம் அதிகம், வேகமும் அதிகம். நியூ மெக்சிகோவில் ராட்டன் நகருக்கு அருகே இரண்டு மைல், அதாவது 3,219 மீட்டர் வரை இலக்கு வைத்து நடக்கும் போட்டியில் இந்த இரண்டு விட்டங்களைத்தான் அதிகம் பார்க்கலாம்.

இந்த வகைக்கு ஒரு மறைமுகச் செலவும் உண்டு. தோட்டாவின் அடிப்பகுதி பெரிதாகும்போது அதைப் பின்னாலிருந்து தாங்கி அடைக்கும் போல்ட்டும் ரைபிளின் உடலும் பெரிதாக வேண்டும். .308 குடும்பத்து ரைபிளில் குழலை மட்டும் மாற்றி 6.5 கிரீட்மோர் ஆக்கலாம். .375 ஷைடாக் ஆக்க முடியாது. முழுக்க வேறு ரைபிள் வேண்டும்.

ஒன்றுபோல் இன்னொன்று

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் ஒரு மட்டமான தோட்டாப் பெட்டி வீணாக்கிவிடும். வேக வேறுபாட்டைச் சொல்கிறேன். குண்டின் இறக்கம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறக்குறைய எதிர்விகிதத்தில் போகிறது. வேகம் ஒரு விழுக்காடு குறைந்தால் இறக்கம் இரண்டு விழுக்காட்டுக்குக் குறையாமல் கூடும். முன்னே சொன்ன .338 குண்டு 1,600 மீட்டரில் 30 மீட்டர் இறங்குகிறது அல்லவா? அதில் இரண்டு விழுக்காடு 60 சென்டிமீட்டர். விநாடிக்கு எட்டு மீட்டர் வேக வித்தியாசம்தான், தகட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. 100 மீட்டரில் சுட்டுப் பார்த்தபோது இரண்டு குண்டும் ஒரே ஓட்டையில் போயிருக்கும். கிட்டத்தில் நெருக்கமாக விழும் ஓட்டைகளின் அழகான குழுவை நம்பி ஏமாறுவது இப்படித்தான்.

ஆகவே ஒரு தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், அதற்குத் தரமான பித்தளை உறையும், போட்டித் தரக் குண்டுகளும், வெப்பநிலை மாறினாலும் வேகம் அதிகம் மாறாத மருந்தும் தொடர்ந்து கிடைக்குமா என்று பாருங்கள். தங்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்வது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட இடங்களில், இந்த விளையாட்டில் உள்ளவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒவ்வொன்றையும் எடை போட்டு, ஒரே மாதிரி ஆக்குகிறார்கள். அது தனிக் கலை, முறையாகக் கற்றுக்கொண்டு, வெளியிடப்பட்ட அளவுகளை மீறாமல் செய்ய வேண்டியது. அதில் விருப்பம் இல்லாதவர், தயார்நிலைப் போட்டித் தோட்டாக்கள் தாராளமாகக் கிடைக்கும் வகைக்குள் நின்றுகொள்வதே புத்திசாலித்தனம். அந்த வகையில் .308-உம் 6.5 கிரீட்மோரும் முன்னணியில் இருக்கின்றன, அடுத்து .300 வின்செஸ்டர் மேக்னம், .338 லபுவா.

அப்புறம், இடம். உங்களுக்குச் சுடக் கிடைக்கும் களத்தின் நீளம் என்ன? 600 மீட்டர் களம் மட்டும் இருக்கும்போது .375 வாங்குவது குளத்தில் ஓட்டக் கப்பல் வாங்குவது மாதிரி. இந்தக் குண்டுகள் இலக்கைத் தாண்டினால் இன்னும் பல கிலோமீட்டர் போகும். பின்னால் மலையோ உயர்ந்த மண்மேடோ இருக்கும் அங்கீகரிக்கப்பட்ட களம் தவிர வேறெங்கும் இவற்றைச் சுட வழியே இல்லை. சில களங்களில் பெரிய விட்டங்களுக்கு அனுமதியும் கிடையாது. உரிமம், விட்டத்துக்கான வரம்பு எல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. இவற்றை விசாரித்துவிட்டே பட்டியலைப் புரட்டுங்கள்.

என்னிடம் ஒருவர் வந்து, "ஒரு மைல் சுட ஆசை, இதுவரை ரைபிளே தொட்டதில்லை" என்றால் நான் சொல்லும் வரிசை இது. முதல் பருவம் முழுக்க .22 எல்.ஆர். தோட்டாவோடு 200 மீட்டருக்கு அப்பால் சுடுங்கள். அந்தக் குட்டிக் குண்டு ஒலியின் வேகத்தில் தள்ளாடி, சிறு காற்றுக்கும் ஒதுங்கி, பெரிய ரைபிள்கள் ஒரு கிலோமீட்டரில் தரும் தொல்லை அத்தனையையும் மலிவாகக் கொடுக்கும். உதைப்பு இல்லை, ஒவ்வொரு தவறும் கண்ணுக்குத் தெரியும். அடுத்து 6.5 கிரீட்மோர். ஒரு குழல் தேய்கிற வரை சுடுங்கள், ஆயிரம் மீட்டரில் காற்றை முக்கால்வாசி நேரம் சரியாகச் சொல்லும் வரை. அதற்குப் பிறகு .338-ஐக் கையில் எடுங்கள். பெரும்பாலானவர்கள் இரண்டாவது படியிலேயே நின்றுவிடுகிறார்கள். தேய்ந்த குழலைக் கழற்றிவிட்டு, அதே விட்டத்தில் புதுக் குழல் ஒன்றைப் பொருத்திக்கொள்கிறார்கள்.